அரசு ஆவணங்களில் நீங்கள்: யார் பார்க்கலாம், எவ்வளவு பார்க்கலாம்?

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், பலரும் முதல் வாரத்திலேயே செய்து பார்க்கும் வேலை ஒன்று உண்டு. கூகுளில் தங்கள் பெயரை டைப் செய்து தேடுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது. அல்லது அதே பெயர் கொண்ட வேறு யாரோ ஒருவர் வருவார். "நம்மைப் பற்றி இன்டர்நெட்டில் எதுவும் இல்லை" என்று நிம்மதியாகி விடுவார்கள்.

கூகுள் காட்டாத இடத்தில் உங்களைப் பற்றிய தகவல் இருக்கிறது. உங்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண், அந்த வீட்டில் ஓட்டு உள்ளவர்கள் எத்தனை பேர் என எல்லாமே அதில் உண்டு. இதை வெளியிட்டிருப்பது திருடர்கள் அல்ல, அரசு அமைப்புதான். அதுவும் சட்டப்படி.

இது நல்லதா, கெட்டதா என்று என்னிடம் கேட்டால், இரண்டும்தான் என்பேன். திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் இருப்பவர்கள் தினசரி பயன்படுத்தும் ஆவணங்களை வைத்தே இதைப் பார்க்கலாம். எங்கே வெளிப்படை நமக்கு நன்மை, எங்கே அது ஆபத்து, வீட்டிலிருந்தபடி நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாக்காளர் பட்டியலில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் வெப்சைட்டுக்குப் போங்கள். மாவட்டம், தொகுதி, பாகம் என்று வரிசையாகக் கேட்கும். ஸ்ரீரங்கம் 139ஆம் தொகுதி. திருச்சிராப்பள்ளி மேற்கு 140, கிழக்கு 141. பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட தெருக்கள். பாகத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு சிறு பெட்டியில் கோணல்மாணலான எழுத்துகள் தெரியும். அதைப் பார்த்து அப்படியே டைப் செய்ய வேண்டும். இதற்கு கேப்ச்சா என்று பெயர். தேடுவது மனிதரா, தானாக ஓடும் புரோகிராமா என்று சோதிக்கும் காவல்காரர் இவர்.

அதைத் தாண்டினால் ஒரு பிடிஎப் பைல் டவுன்லோட் ஆகும். உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், வாக்காளர் அடையாள அட்டை எண். போட்டோ மட்டும் இருக்காது. இந்தப் பைலை டவுன்லோட் செய்ய நீங்கள் அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டியதில்லை.

ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள்?

பட்டியலைச் சரிபார்க்க வேறு வழி கிடையாது என்பதுதான் காரணம். ஒரு தெருவில் இறந்து போனவர் யார், மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர் யார், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் யார் என்பது அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பட்டியலை எல்லோரும் பார்த்தால்தான் "இவர் இங்கே இல்லையே" என்று யாராவது எழுந்து சொல்ல முடியும். அப்படிச் சொல்வதற்குத்தான் 7ஆம் எண் படிவம் இருக்கிறது. பட்டியலைப் பூட்டி வைத்துவிட்டால், சேர்க்கப்பட்ட கள்ளப் பெயரும் தெரியாது, நீக்கப்பட்ட நல்ல பெயரும் தெரியாது.

2025ஆம் ஆண்டு இதைத் தமிழ்நாடு முழுக்கவே நேரில் பார்த்தோம். நவம்பர் 4ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. பழைய 2002, 2005 பட்டியல்களில் தங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று மக்கள் தேட வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் உள்ள வீடு என்று என்னைத் தேடியும் பலர் வந்தார்கள். உத்திர வீதியிலிருந்து வந்த ஒரு மாமி, மறைந்த தன் கணவரின் பெயரைப் பழைய பட்டியலில் பார்த்ததும், "இதோ இருக்காரே!" என்று மானிட்டரைத் தொட்டுக் காட்டினார். இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியல் பொதுவில் இருந்ததால்தான் அது முடிந்தது.

டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வெளியானபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணம் ஒவ்வொருவர் விஷயத்திலும் உண்மையா என்பதைச் சம்பந்தப்பட்டவர் பார்க்க முடிய வேண்டும் அல்லவா? இதே பிரச்னை பீகாரில் எழுந்தபோது, 2025 ஆகஸ்ட் 14ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. நீக்கப்பட்ட சுமார் 65 லட்சம் பேரின் பட்டியலைக் காரணத்துடன் வெப்சைட்டில் வெளியிட வேண்டும், அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேடும் வசதியும் வேண்டும் என்றது. ஓட்டுரிமை போகிறதா இருக்கிறதா என்ற நிலையில், வெளிப்படைதான் சாமானியனுக்குப் பாதுகாப்பு.

தேட முடியாத பைல்

இப்போது நாணயத்தின் மறுபக்கம். டவுன்லோட் செய்த பைலைத் திறந்து, கீபோர்டில் கண்ட்ரோல், எப் இரண்டையும் சேர்த்து அழுத்தி உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அந்தப் பைலில் எழுத்துகளே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். உங்கள் கண்ணுக்கு எழுத்து, கம்ப்யூட்டருக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்.

முன்பு பல மாநிலங்களில் எழுத்தாகவே, தேடக்கூடிய பைலாக வெளியிட்டார்கள். 2018 தொடக்கத்தில் தேர்தல் ஆணையம் படப் பைலுக்கு மாறச் சொன்னது. மத்தியப் பிரதேசத் தேர்தலையொட்டித் தேடக்கூடிய பைல் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு வந்தது. தேடும் வசதி கொடுத்தால் வாக்காளர்களின் விவரங்களை மொத்தமாக அள்ளிவிடுவார்கள், அந்தரங்கம் பாதிக்கப்படும் என்பது ஆணையத்தின் வாதம். 2018 அக்டோபரில் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. தேவையானால் மனுதாரரே தன் முயற்சியில் தேடக்கூடிய பைலாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. படத்தை எழுத்தாக மாற்றும் சாப்ட்வேருக்கு ஓசிஆர் என்று பெயர். தமிழையும் ஓரளவு நன்றாகவே படிக்கும் இலவச ஓசிஆர்கள் வந்துவிட்டன. ஆளும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கும் கட்சியோ கம்பெனியோ ஆயிரக்கணக்கான பக்கங்களை மாற்றிவிட முடியும். ஆனால் தன் பெயர் இரண்டு பாகத்தில் இருக்கிறதா என்று பார்க்க நினைக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், பக்கம் பக்கமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேட வேண்டும். பூட்டு கெட்டவனைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, நல்லவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நல்ல எண்ணத்தில் போட்ட பூட்டுதான் என்றாலும், போட்ட இடம் சரியா என்று யோசிக்க வேண்டும்.

1908லேயே யோசித்திருக்கிறார்கள்

"எல்லாம் திறந்திருக்க வேண்டும்", "எல்லாம் மூடியிருக்க வேண்டும்" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோம். ஆனால் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு சட்டம் இதற்கு இடைப்பட்ட வழி ஒன்றைச் சொல்லியிருக்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம்தான் அது.

நீங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் அதை ஏற்கெனவே வேறு ஒருவருக்கு விற்றிருக்கிறாரா, அடமானம் வைத்திருக்கிறாரா என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலாம் எண் புத்தகம் இருக்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் அதில் ஏறும். கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். நீங்கள் சொத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் மூன்றாம் எண் புத்தகம் வேறு. உயில்கள் அதில் இருக்கின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ மட்டும்தான் நகல். அவர் காலமான பிறகுதான் மற்றவர்கள் கேட்டு வாங்க முடியும். காரணத்தை விளக்க வேண்டியதே இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே உயிலில் யாருக்கு என்ன என்று ஊருக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆக ஒரே அலுவலகம், ஒரே அலமாரி, புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு விதி. ஆவணம் எதற்காக இருக்கிறதோ, அந்தக் காரியத்துக்குத் தேவையான அளவு மட்டும் திறந்து வைத்தார்கள்.

அலமாரி கம்ப்யூட்டருக்குள் வந்தபோது

இப்போது பதிவுத்துறையின் வெப்சைட்டில் மின்னணு சேவைகள் என்ற பகுதிக்குப் போனால் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி, கைமாற்றுத் தொகை எல்லாம் வரும். பட்டா, சிட்டா விவரங்களுக்கு வருவாய்த்துறையின் தனி வெப்சைட் உண்டு. இந்த வசதிகளை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு நாள் லீவு போட்டு வரிசையில் நின்ற காலம் போய்விட்டது. இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம்.

ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்தபோது ஆவணத்தைப் பார்க்க ஒருவர் பஸ் ஏறி வர வேண்டும், மனு எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். இந்தச் சிரமமே ஒரு வேலி. உண்மையான தேவை உள்ளவர்தான் இவ்வளவு சிரமப்படுவார். எந்தச் சட்டத்திலும் எழுதாத இந்த வேலியைக் கம்ப்யூட்டர் எடுத்துவிட்டது.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் பிராகாரச் சுவர்களைப் பார்த்திருப்பார்கள். சோழர் காலம் முதல் விஜயநகர காலம் வரை நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் நூல் வரிசையின் 24ஆம் தொகுதி முழுக்க இந்தக் கோயில் கல்வெட்டுகள்தான். யார் நிலம் கொடுத்தார், அதன் நான்கு எல்லை எது, எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தர்மச் சொத்தை நாளை யாரும் விழுங்கிவிடக் கூடாது என்பதற்கான பொது ஆவணம் அது. படிக்க விரும்புகிறவர் சுவருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். சுவரை யாரும் பென்டிரைவில் காப்பி செய்து கொண்டு போக முடியாது. ஒரு சுவரையும் இன்னொரு சுவரையும் ஒரு நொடியில் ஒப்பிட்டுப் பட்டியல் போடவும் முடியாது.

இன்றைய ஆபத்து எந்த ஒரு ஆவணத்திலும் தனியாக இல்லை. ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கும்போதுதான் வருகிறது. ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். வாக்காளர் பட்டியலில் ஒரு வீட்டு எண்ணில் ஒரே ஒரு பெயர், வயது 74, பெண். பதிவுத்துறை விவரத்தில் அதே பெயரில் சில மாதம் முன்பு ஒரு மனை விற்பனை, தொகையோடு. பேஸ்புக்கில் அவருடைய மகன் அமெரிக்காவில் எடுத்த குடும்பப் போட்டோ. மூன்றும் தனித்தனியாக யாருக்கும் கெடுதல் செய்யாதவை. மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது, "கையில் பணத்தோடு தனியாக இருக்கும் மூதாட்டி" என்ற தகவல். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் நிறைந்த ஸ்ரீரங்கம் போன்ற ஊரில் இதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது.

இந்தச் "சேர்க்கை" பிரச்னையை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1989லேயே கவனித்தது. ஊர் ஊராக கோர்ட்டுகளிலும் போலீஸ் ஸ்டேஷன்களிலும் சிதறிக் கிடக்கும் ஆவணங்களும், அவற்றையெல்லாம் ஒருவர் பெயரில் திரட்டிக் கம்ப்யூட்டரில் வைத்த தொகுப்பும் ஒன்றல்ல என்று கூறி, எப்பிஐ வைத்திருந்த ஒருவரின் குற்றப் பதிவுத் தொகுப்பைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுக்க மறுத்தது.

கோர்ட் ஆவணம் யாருடையது?

நம் நாட்டில் இந்த விஷயத்தின் முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் வந்தது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தது. அதில் சில அதிகாரிகளின் தொடர்புகள் பற்றிய விஷயங்கள் இருந்தன. சிறைத்துறை எதிர்ப்புத் தெரிவித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 1994 அக்டோபர் 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் சாரம் இது. ஒவ்வொருவருக்கும் தன் சொந்த வாழ்க்கை, குடும்பம், திருமணம் பற்றிய அந்தரங்க உரிமை உண்டு. ஆனால் ஒரு விஷயம் கோர்ட் ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் அதைப் பற்றி எழுதலாம். இதற்கு ஒரு விலக்கு, பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர். அரசு அதிகாரிகள் தங்கள் கடமை சம்பந்தமான விஷயத்தில் அந்தரங்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உறுதி செய்தபோது இந்தத் தமிழ்நாட்டு வழக்கையும் எடுத்துக்கொண்டது.

1994ல் பொது ஆவணம் என்றால் கோர்ட் ரெக்கார்டு அறையில் கட்டி வைத்த கட்டு. இன்று திருச்சி மாவட்ட கோர்ட் வழக்குகளைக்கூட இ-கோர்ட்ஸ் வெப்சைட்டில் கட்சிக்காரர் பெயரைக் கொடுத்துத் தேட முடிகிறது. கடன் வழக்கு, குடும்ப வழக்கு எதில் பெயர் இருந்தாலும் வரன் பார்ப்பவரும் வேலைக்கு எடுப்பவரும் பார்க்க முடியும். வழக்கு தள்ளுபடி ஆனதா, விடுதலை ஆனாரா என்று கடைசி வரை படிக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை.

ஒரு குற்ற வழக்கில் மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இன்டர்நெட்டில் உள்ள தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்க வேண்டும் என்று கேட்டார். வழக்கு, திருச்சி மாவட்ட வழக்குகளும் போகிற அதே மதுரைக் கிளையில்தான் நடந்தது. 2021ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் பெஞ்ச் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டு, தீர்ப்புகளை வெளியிடும் ஒரு வெப்சைட்டையும் நீக்கச் சொன்னது. 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. விடுதலையானவர் ஆயுள் முழுக்க அந்தப் பக்கத்தைச் சுமக்க வேண்டுமா? ஆனால் தீர்ப்புகள் மறைந்துகொண்டே போனால், கோர்ட் என்ன செய்கிறது என்று மக்கள் எப்படி அறிவார்கள்?

தீர்ப்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் எழுத்துச் சுருக்கமாக்குவது, அல்லது தீர்ப்பு இருக்கட்டும், பெயரை வைத்துத் தேடும் வசதி வேண்டாம் என்பது என இடைப்பட்ட வழிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கு இவை பெரிய வேலை அல்ல.

தகவல் கேட்கும் உரிமை சுருங்கியதா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் தெருவுக்கு ரோடு போட்டதற்கு மாநகராட்சி யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று நீங்கள் கேட்கலாம்.

அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவு, தனிப்பட்ட தகவலைப் பற்றியது. பொதுப் பணியோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலையோ, தேவையில்லாமல் அந்தரங்கத்தில் நுழையும் தகவலையோ தர வேண்டாம், ஆனால் பெரிய பொது நன்மை இருந்தால் தரலாம் என்று அது சொன்னது. நாடாளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதைத் திருத்தியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. இப்போது அந்தப் பிரிவில் இருப்பது, தனிப்பட்ட தகவல் என்றால் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்ற அளவே. பொது நன்மை அதிகம் என்றால் தரலாம் என்று 8(2) பிரிவு இன்னமும் இருக்கிறதே என்று அரசுத் தரப்பு சொல்கிறது. ரோடு போட்ட கான்டிராக்டர் பெயரும், கையெழுத்துப் போட்ட அதிகாரி பெயரும்கூட "தனிப்பட்ட தகவல்" ஆகிவிடுமே என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் பயப்படுகிறார்கள்.

இதே 2023 சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சட்டக் கட்டாயத்தால் பொதுவில் வெளியிடப்பட்ட தனிப்பட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, அரசின் செலவைக் கேட்கும் குடிமகனுக்கு வாசல் குறுகிவிட்டது. சட்டப்படி வெளியிட்ட பட்டியலிலிருந்து குடிமகனின் விவரத்தை அள்ளுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் வேலி இல்லை. நான் நினைப்பது, இது நேர் எதிராக இருந்திருக்க வேண்டும். அதிகாரத்தில் உள்ளவர்களின் காரியம் அதிக வெளிச்சத்திலும், வீட்டில் இருக்கிறவரின் விவரம் குறைந்த வெளிச்சத்திலும் இருப்பதே முறை. தேர்தலில் நிற்பவர்களுக்கு இந்த முறைதான் நடக்கிறது. சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். 2011ல் ஸ்ரீரங்கத்தில் போட்டியிட்டு முதலமைச்சரான ஜெயலலிதாவும் தந்தார். ஓட்டுக் கேட்டு வருகிறவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஓட்டுப் போடுகிறவருக்கு உரிமை உண்டு.

மற்ற நாடுகளில்

நார்வேயில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு வரி கட்டுகிறார் என்பது பொது விவரம். இன்டர்நெட்டில் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வருமானத்தைப் பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. 2014 முதல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். யார் உங்கள் விவரத்தைப் பார்த்தார் என்பதை நீங்களும் பார்க்கலாம். விவரத்தை மூடவில்லை. ஆனாலும் வேடிக்கை பார்ப்பவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியல் இரண்டு விதம். முழுப் பட்டியல் தேர்தலுக்கும் சட்டம் அனுமதிக்கும் சில காரியங்களுக்கும். இன்னொன்று யாரும் விலைக்கு வாங்கக்கூடியது. இரண்டாவதில் என் பெயர் வேண்டாம் என்று வாக்காளர் சொல்லிவிடலாம்.

இந்த இரண்டையும் இங்கே செய்ய முடியாதா? என் வில்லங்க விவரத்தை யார் பார்த்தார் என்று எனக்கு ஒரு எஸ்எம்எஸ் வரலாமே! அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் ஒருவர் விவரத்தை எளிதாகத் தேடலாம், ஊர் முழுவதையும் மொத்தமாக அள்ள முடியாது என்று வைக்கலாமே! 1908 சட்டம் புத்தகத்துக்குப் புத்தகம் விதி வைத்ததுபோல, பைலுக்குப் பைல் விதி வைக்கலாம்.

வீட்டிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியவை

1. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரையும் வீட்டாரின் பெயரையும் வருடம் ஒரு முறையாவது பாருங்கள். புதிதாகச் சேர்க்க படிவம் 6, இறந்தவர் பெயரை நீக்க படிவம் 7, திருத்தம் அல்லது இடமாற்றத்துக்குப் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

2. உங்கள் சொத்தின் வில்லங்க விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். வெளியூரில் மனை இருந்தால் கட்டாயம் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் சீக்கிரம் தெரியும். இந்த விவரம் பொதுவில் இருப்பதன் முழுப் பலனும் இதுதான்.

3. பட்டியலில் உள்ள எதையும் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். தந்தை பெயரும் பிறந்த வருடமும் சேர்த்துப் பாஸ்வேர்டு வைப்பவர்கள் ஏராளம். வயது தெரிந்தால் பிறந்த வருடம் தெரியும், தந்தை பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. "உங்கள் தந்தையின் பெயர் என்ன?" போன்ற பாதுகாப்புக் கேள்விக்கும் உண்மையான பதிலை வைக்க வேண்டியதில்லை. உங்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும் வேறு சொல்லை வையுங்கள்.

4. போனில் ஒருவர் உங்கள் பெயர், தந்தை பெயர், வீட்டு எண், வயது எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார் என்பதாலேயே அவர் பேங்க் அதிகாரியோ போலீஸோ ஆகிவிட மாட்டார். இவ்வளவும் பொதுப் பட்டியலில் உள்ளவை. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு போன் செய்து புகார் கொடுங்கள்.

5. ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள். ஆதார் வெப்சைட்டிலேயே டவுன்லோட் செய்யலாம்.

6. பட்டியலின் பக்கத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். உங்கள் பெயரைக் காட்ட வேண்டுமானால் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் தெருவே இருக்கிறது.

7. அரசு அலுவலகத்தில் தகவல் கேட்கும்போது ஆளைப் பற்றிக் கேட்காமல் காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். "அந்த அதிகாரியின் விவரம் தருக" என்று கேட்டால் மறுப்பது சுலபம். "இந்த வேலைக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, முடிந்த தேதி, அளவுப் புத்தக நகல்" என்று கேட்டால் மறுப்பது கடினம். பொது நன்மை என்ன என்பதையும் ஒரு வரியில் எழுதி, 8(2) பிரிவைக் குறிப்பிடுங்கள்.

கம்ப்யூட்டர் வந்ததால் அரசு ஆவணங்கள் நம் வீட்டு மேஜைக்கு வந்துவிட்டன. அதே வழியாக நம் வீட்டு விவரம் யாரோ ஒருவர் மேஜைக்கும் போயிருக்கிறது. முதலாவதை விட்டுக்கொடுக்காமல் இரண்டாவதற்கு அளவு கேட்பதுதான் நம் வேலை. இந்த வாரம் நேரம் கிடைக்கும்போது வாக்காளர் பட்டியலையும் வில்லங்க விவரத்தையும் திறந்து, உங்களைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும் என்று நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.